உறை போட்ட மைக்

புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவது பாவம் என்று நம்பும் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டை உறை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. உறை பழுப்பேறி, உள்ளே இருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய், எந்தப் பொத்தான் எதற்கென்று அப்பாவின் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும் என்ற நிலை வந்த பிறகும் ரிமோட் உள்ளே புத்தம் புதிதாக இருந்தது. (டிவி போய்ச் சேர்ந்த பிறகும் அது இருந்தது.) மொபெட் சீட்டின் மேல் போட்ட பாலிதீன் கிழிந்தபோது அப்பா அதற்கு வேறொரு பாலிதீன் வாங்கி மாட்டினார். சீட்டின் உண்மையான நிறம் என்ன என்று வண்டியை விற்ற அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மெரூன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பாரீசிலிருந்து ஒரு மைக் வந்தது. அதற்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். அதனால் எனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் நான் "உள்ளேன் ஐயா" என்றால் வாத்தியார் பையன்கள் பக்கம் திரும்புவார். படித்து முடித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். போனை எடுத்து வணக்கம் சொன்னால் எதிர்முனையில் "சார், லோடு எப்ப சார் வரும்?" என்பார்கள். திருத்திப் பார்த்தேன். திருத்தினால் அவர்கள் வெட்கப்பட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள், லோடு நின்றுபோகிறது. அதனால் காலை முதல் மாலை வரை சாராகவே இருந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குப் போன் செய்தார், நான் எடுத்தேன். ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்றெல்லாம் ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டு, "நீங்க பொண்ணுக்கு அண்ணனா தம்பி?" என்று கேட்டார். நான்தான் பெண் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை நான் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை.

மறுநாளே அம்மா சட்டம் போட்டுவிட்டாள். வீட்டில் போன் அடித்தால் வளர்மதி எடுக்கக் கூடாது.

"நேர்ல பாத்துட்டாங்கன்னா ஒண்ணும் தெரியாதுடி. அதுக்கு முன்னாடியே எதுக்குக் கொரலக் காட்டிக்கினு" என்றாள்.

ஆபீசில் சாராக இருந்ததைவிட இது எனக்கு வலித்தது. பெற்ற தாய்க்கே என் குரல் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது என்று நினைத்தேன். கத்திச் சண்டை போடலாம் என்றால், கத்துவதற்கும் அதே குரல்தான்.

இரண்டாயிரங்களின் கடைசியில், எனக்கு இருபத்து நாலு வயது நடக்கும்போது, ஒரு நாள் போன் அடித்தது. அம்மா மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போனோ நிற்காமல் அடித்தது. எடுத்துவிட்டேன்.

"மாமா, நான் பாரீசுலேருந்து சுசீலா பேசறேன்."

சுசீலா அக்கா உழவர்கரையில் எங்கள் தெருவில் வளர்ந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அக்காவும் கல்யாணமாகிப் பிரான்சுக்கே போய்விட்டார். அங்கே குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறார். இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம், அதைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டுமாம். மொட்டை மாடி ஒழுகுகிறது, கொல்லைக் கதவு கரையான் பிடித்துவிட்டது, தம்பி ரவி லீவில் வருகிறான், கொஞ்சம் கூட இருந்து பாருங்கள் மாமா என்று மூச்சு விடாமல் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றேன். வேறு என்ன செய்வது.

"மாமா, உங்க கொரலு அப்பிடியேதான் இருக்கு. கேட்டாலே தைரியமா இருக்குது."

"அக்கா, நான் வளர்மதி."

திண்டிவனம் மாதிரியே இங்கேயும் பேச்சு நின்றது. சரி, வெள்ளையடிக்கவும் வர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அக்கா கேட்டது வேறு.

"இன்னொரு தடவ பேசு. ஏதாவது பேசு."

எதைப் பேசுவது என்று தெரியாமல், லோடு நாளைக்குக் காலையில் வந்துவிடும் என்றேன். அக்கா சிரித்தார். பிறகு விவரம் சொன்னார். வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து குறுந்தகடாகப் போடப் போகிறார்கள். இதுவரை பேசிப் பார்த்தவர்களின் குரல் கீச்சென்று இருக்கிறதாம், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்களாம். நிதானமான, கனமான ஒரு குரல் வேண்டும். சென்னையில் வானொலியில் பேசிப் பழகிய ஓர் அம்மாவையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட் வழியாக நேரடியாக ஒரு பாடம் வாசிக்க வேண்டும். அங்கே பிள்ளைகளும் பெற்றவர்களும் கேட்டு முடிவு செய்வார்கள்.

என் குரலை ஒருவர் "இன்னொரு தடவை" என்று கேட்டது என் வாழ்க்கையிலேயே அன்றுதான். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். சென்னை அம்மாள்மேல் எனக்கு அன்றிலிருந்தே கோபம்.

ரவி அண்ணன் வந்தார், சுசீலா அக்கா கொடுத்தனுப்பிய மைக்கும் வந்தது. சொம்பு அளவில், சாம்பல் நிறத்தில், தலையில் கம்பி வலையோடு ஒரு ஸ்டாண்டில் நின்றது. அடியில் கம்ப்யூட்டருக்குப் போகும் யூஎஸ்பி ஒயரைச் சொருக ஓர் ஓட்டை, பக்கத்திலேயே ஹெட்போனுக்கு ஓர் ஓட்டை. முதுகில் இரண்டு திருகுகள். "கண்டென்சர் மைக்கு, ரொம்ப சென்சிட்டிவ். பாத்து வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டு அண்ணன் வெள்ளையடிப்பவர்களைத் தேடிப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாத்து வச்சுக்கோ.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடுவதற்கு முன்னால் சங்கத்தில் இருந்தவர், கேட் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியவர். அதனால் எங்கள் வீட்டில் மைக் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் அதிகாரி. மைக்கை வாங்கி முதலில் "ப்பூ, ப்பூ" என்று ஊதினார். தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார்.

"சத்தமே வர்லியேடி. கெட்டுப்போன மைக்க குடுத்துட்டாங்களா?"

"அப்பா, இன்னும் ஒயரே சொருகல."

"சொருகினா மட்டும் எங்கேருந்து வரும்? கொழாய் எங்க?"

இதற்குக் குழாய் கிடையாது, சத்தம் கம்ப்யூட்டருக்குள் போகும் என்று விளக்கினேன். வெளியே கேட்காத மைக்கை அவர் மைக்காகவே மதிக்கவில்லை. கூட வந்த காகிதத்தில் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது, படங்கள் மட்டும் புரிந்தன. ஒரு படத்தில் மைக் நேராக நிற்க, அதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "படம் போட்டவன் தப்பாப் போட்டிருக்கான். மைக்குன்னா உச்சந்தலையிலதான் பேசணும்" என்றார். அன்றிலிருந்து நான் சொம்பில் எட்டிப் பார்ப்பவளைப் போல மேலே குனிந்துதான் பேசினேன். (படித்த பெண் நான். படம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் முப்பது வருஷம் மைக் பிடித்தவர் சொல்கிறாரே.)

முதுகில் இருந்த ஒரு திருகைச் சுற்றிப் படம் படமாகப் போட்டிருந்தது. ஒன்றில் இதயம் மாதிரி. ஒன்றில் இரண்டு வட்டங்கள் பின்னிக்கொண்டு. இதயப் படத்தில் வைத்தால் முன்னால் பேசுகிறவரின் குரலை மட்டும் மைக் கேட்கும், இரட்டை வட்டம் என்றால் ஸ்டீரியோ, இடது வலது இரண்டு பக்கமும் கேட்கும். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா இதயத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அது இன்னாடி ஆர்ட்டின்னு, காதல் கீதல்னு. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற பொருளு."

"அது டூயட் பாடறவங்களுக்கு" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். "நீ ரெண்டு வட்டத்துல வையி. ஒண்ணுக்கு ரெண்டா இருக்குதில்ல."

இரண்டு வட்டத்தில் வைத்தேன்.

கடைசியாக உறை. மைக் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் வந்திருந்தது. அப்பா அதைத் தலையோடு மாட்டி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டார். நான் எதிர்த்துப் பார்த்தேன். "உப்புக் காத்துடி. ஜன்னல் கம்பியே துருப்புடிச்சுக் கொட்டுது. அடுத்தவங்க பொருளு, பாத்து வச்சுக்கோன்னு சொல்லியிருக்காரு" என்றார். உப்புக் காற்று பொய்யில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பழைய கம்ப்யூட்டரில் சொருகி, இரண்டு வரி பேசி, பதிவு செய்து சுசீலா அக்காவுக்கு அனுப்பினேன். "கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டுப் பேசறியா?" என்று பதில் வந்தது. முதுகில் இருந்த இன்னொரு திருகை, அதாவது மைக்கின் காதைக் கூர்மையாக்கும் கெயின் திருகை, கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் அது முட்டி நிற்கும் வரை திருகிவிட்டு, கூடவே நானும் கத்தினேன். "பரவால்ல, நெட்டு சரியில்ல போல" என்று அக்கா பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா மிக்சி போட்டாள். பதிவில் மிக்சி ஏதோ ரொம்ப தூரத்தில் வண்டி போவது போலத்தான் கேட்டது. அம்மாவுக்கு அந்த மைக்கின்மேல் இரக்கமே வந்துவிட்டது. "பாவம், காது மந்தம்" என்றாள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். பாரீஸ் மைக்குக்குக் காது கேட்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. அது எனக்குத் தெரியும். பூஜை காலையில் முடிந்துவிடும், வாசிப்பு மதியம் இரண்டரை மணிக்குத்தானே என்று நிம்மதியாகத் தலைக்குக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கூடத்தில் சாமி படங்களுக்கு முன்னால் அரிவாள்மனை, அப்பாவின் ஸ்பானர், சுத்தியல், என் பழைய பாடப் புத்தகங்கள், அவற்றுக்கு நடுவே மைக். உறையின் மேல் மூன்று விரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமப் பொட்டு, கழுத்தில் கதம்பம். மூலையில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, மேலே துணி போர்த்தியிருந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அம்மாவிடம் யாரும் பேசி ஜெயித்ததில்லை.

"அம்மா, இதுக்காகத்தானே ரெண்டு வாரமாத் தொண்டை கிழியக் கத்தறேன்."

"அதுக்காகத்தான்டி வச்சேன். சரஸ்வதி முன்னாடி இத வைக்காம வேற எத வைக்கறது?"

"மத்தியானம் எனக்கு வேணும்மா."

"நாளைக்கு எடுத்துக்க."

நாளைக்குள் சென்னை அம்மாள் பாரீசையே பிடித்துவிடுவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டத்தை மீறிப் போனை எடுத்து ரவி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தன்னுடைய லேப்டாப்போடு வந்தார். வந்தவர் பூஜையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "ஓலாலா" என்றார் பிரெஞ்சுக்காரர் மாதிரி, மெதுவாக.

பஞ்சாயத்து நடந்தது. லேப்டாப் அடுத்தவர் வீட்டுப் பொருள், அதற்குப் பொட்டு வைக்கவில்லை, அதனால் பயன்படுத்தலாம். மைக்கை அசைக்கக் கூடாது. அசைக்காமல், நான் அதற்கு முன்னால் பாயில் உட்கார்ந்து பேசினால் தப்பில்லை, சாமிக்கு முன்னால் பாடுவது போலத்தான். இதுவரை அம்மா இறங்கி வந்தாள்.

"அத்தை, இந்த பிளாஸ்டிக்க மட்டும் எடுத்துடலாமா?" என்றார் அண்ணன்.

"பொட்டு வச்சிருக்கேன் தம்பி."

"பொட்டு உறைலதான இருக்குது. மைக்க நான் தொடவே மாட்டேன்."

அம்மா யோசித்தாள். பிறகு அவளே ரப்பர் பேண்டை எடுத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல உறையை உருவி, பொட்டுக் கலையாமல் அப்படியே சரஸ்வதியின் காலடியில் வைத்தாள். சந்தனம் உள்ளே ஒரு துளிகூடப் போகவில்லை. அப்பா எங்களைப் பார்த்த பார்வையை அந்த உறையாலும் மூட முடியாது.

அண்ணன் மைக்கில் கை படாமல் ஒயரைச் சொருகினார். ஹெட்போனை மைக்கின் அடியில் சொருகி என் காதில் மாட்டினார். மைக் கேட்பதும் பாரீஸ் பேசுவதும் இனி எனக்கு மட்டும் கேட்கும். பிறகு எட்டி மைக்கின் முதுகைப் பார்த்தார். "கெயின் ஃபுல்லா இருக்குது. மோடும் தப்பு" என்று கையை நீட்டினார்.

"கைய எடு தம்பி" என்றாள் அம்மா.

"அத்தை, ஒரு திருகு திருகினா போதும்."

"நாளைக்குத் திருகு."

அண்ணன் பெருமூச்சு விட்டார். அது என் காதில் புயல் அடித்தது போல் கேட்டது. "அப்ப யாரும் பேசாதீங்க, சரியா?" என்றார். அம்மாவும் அப்பாவும் தலையாட்டிவிட்டு, ஒரு தட்டில் பொரியையும் கடலையையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். எனக்கு இடது பக்கம் சமையலறை, வலது பக்கம் தெரு.

இரண்டரை மணிக்கு லேப்டாப்பில் மணி ஒலித்து, பாரீஸ் வந்தது. பிள்ளைகளின் சலசலப்பு, நாற்காலிகள் இழுபடும் சத்தம், பிறகு சுசீலா அக்கா. "சென்னைக்காரங்க முடிச்சுட்டாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ ஆரம்பி." பாடத்தின் பெயர் 'என் வீடு'.

"வணக்கம் குழந்தைகளே. இது என் வீடு" என்றேன். என் குரலை நான் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். உறை இல்லை, கம்பளி இல்லை. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது.

"என் வீட்டில் அப்பா இருக்கிறார். அப்பா சுறுசுறுப்பானவர்."

இடது காதில் நறுக் நறுக்கென்று பொரி மெல்லும் சத்தம் ஆரம்பித்தது. ஜல்லி கொட்டுவது போல இருந்தது. பாரீசில் ஒரு பிள்ளை சிரித்தது. நான் ரவி அண்ணனைப் பார்த்துக் கண்ணால் சமையலறையைக் காட்டினேன். ஹெட்போன் என் காதில்தானே இருக்கிறது. எனக்குப் பயம் என்று நினைத்து அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"என் வீட்டில் அம்மா இருக்கிறார். அம்மா அன்பாகப் பேசுவார்."

"இந்த சுசீலாவத்தான் சொல்றேன்" என்றாள் அம்மா, இடது காதில், என் தோளில் கை போட்டுப் பேசுவது போல. "சின்னப்புள்ளையில தமிழ்ப் பரிச்சைன்னா போதும், வயித்து வலின்னு படுத்துக்கும். அவங்கம்மா ஓம வாட்டரு குடுத்துக் குடுத்து ஓஞ்சு போச்சு. இப்ப அது பாரீசுல தமிழ் டீச்சராம்."

அங்கே ஒரு வகுப்பே சிரித்த சிரிப்பு என் இரண்டு காதையும் அடைத்தது. சுசீலா அக்காவின் குரல் மட்டும் கேட்கவில்லை. மைக்கை நிறுத்திவிடலாம் என்று கை போனது. பூஜைப் பொருள். கை பாதியில் நின்றது. பாடத்தை விட்டால் சென்னை அம்மாள், பிடித்தால் எங்கள் அம்மாள். வாசித்துவிடுவோம் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

"எங்கள் தெரு அமைதியான தெரு."

வலது பக்கம் லேத் பட்டறைக்காரர் பூசணிக்காயை உடைத்தார். கூடவே சரவெடி. அது அடங்குவதற்குள் மாலை போட்ட ஆட்டோ ஒன்று தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு போனது, இடம் விட்டு இடம் நகர்ந்து, அச்சு அசல் ஸ்டீரியோவில். பாரீசில் ஒரு குழந்தை "பூம்" என்று கத்தியது. யாரோ ஒரு பெரியவர், "பூசணிக்கா ஒடைக்கறாங்கப்பா, ஆயுத பூஜை" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று மூச்சை இழுத்தேன். அப்போது இடது காதில் அப்பா பேசினார்.

"வாசிக்கறதக் கேட்டியா? இந்தக் கொரலு எனக்கு இருந்திருந்தா மில்லு கேட் மீட்டிங்குக்கு மைக்கே வேணாம். எனக்கு எவ்ளோ பெருமையா இருக்குது தெரியுமா. நீதான் போனக்கூட எடுக்க உடமாட்டேன்ற."

"நான் இன்னா வேணும்னா பண்றேன்?" என்றாள் அம்மா. குரல் கம்மிப் போயிருந்தது. "அந்தத் திண்டிவனத்துக்காரி வராத அன்னிக்கு இது பட்டுப்புடவையோட உக்காந்திருந்துச்சே, பாத்தியா நீ? இன்னொருத்தி அந்த மாரி போன வச்சுட்டான்னா எம்புள்ள தாங்குமா? அதுக்குத்தான் எடுக்காதன்னேன். அது கொரலு எனக்கு இன்னா கொறை? காலைல அது பேசிக்கிட்டுக் கெடந்தாத்தான் எனக்கு வேலையே ஓடும்."

இத்தனை நாள் அம்மா என் குரலை ஒளித்து வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளும் ஓர் உறைதான் போட்டிருக்கிறாள். உப்புக் காற்று படக் கூடாது என்று.

ரவி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறி, காகிதத்தில் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு" என்றேன். வரவில்லை. தொண்டையைச் செருமினேன், அது வேறு இடி இடித்தது. "எனக்கு என் வீடு ரொம்பப் பிடிக்கும்." பாடத்தில் 'ரொம்ப' கிடையாது. குரல் உடைந்து, இருந்த கனமும் போய், தவளை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"அப்புறம் பேசறேன்" என்று சுசீலா அக்கா சொன்னார். இணைப்பு போய்விட்டது.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போய், பாரீஸ் என்னவெல்லாம் கேட்டது என்று சொன்னேன். அம்மா பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுக்குத்தான் காது கேக்காதே" என்றாள்.

"உறை போட்டிருந்தாத்தாம்மா அதுக்குக் கேக்காது."

"நான் அப்பவே சொன்னேன், உறையக் கழட்டாதீங்கன்னு" என்றார் அப்பா. அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த வாக்கியம் அது.

அம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள். சுசீலாவின் முகத்தில் இனி எப்படி முழிப்பது, அந்த ஓம வாட்டரை எதற்குச் சொன்னேன், உன் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டேனே என்று அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகை வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பொரியைத் தின்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். வழக்கப்படி நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் வந்திருக்கும். நீ எடு" என்றாள்.

எடுத்தேன். "வணக்கம்" என்றேன், வேண்டுமென்றே கனமாக.

"சென்னைக்காரங்க ஒரு தப்பு இல்லாம வாசிச்சாங்க" என்றார் சுசீலா அக்கா. "பசங்க கொட்டாவி உட்டுச்சுங்க. உன்னுது முடிஞ்சதும் எல்லாம் சேந்து 'ஆங்கோர், ஆங்கோர்'ன்னு கத்துதுங்க. இன்னொரு தடவை வேணுமாம். பூசணிக்கா வேணுமாம். அந்த அம்மா வேணுமாம்."

"அக்கா, எங்கம்மா சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

"நெசத்தத்தான சொன்னாங்க. இன்னும் ஓம வாட்டரு வாசனை வந்தா எனக்குப் பரிச்சை ஞாபகந்தான் வரும். இதக் கேட்டதுலேருந்து பசங்களுக்கு என்மேல ஒரு மரியாத வந்திருக்கு, டீச்சருக்கும் தமிழ் வராம இருந்திருக்குன்னு." அவரே தொடர்ந்தார். "கடைசில அம்மா உன்னப் பத்திப் பேசினாங்க இல்ல, அப்ப இங்க ரெண்டு மூணு பேரு கண்ணத் தொடச்சுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. யாரும் ஓட்டே போடல. நீதான்."

பாடங்கள் முழுவதையும் நான்தான் வாசித்தேன். இதயத் திருகில் வைத்து, கெயினைப் பாதிக்குக் குறைத்து, மைக்கின் வயிற்றைப் பார்த்துப் பேசி. (அம்மா கடைசி வரை அந்த இதயத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்தே வைத்தாள்.) 'என் வீடு' பாடம் மட்டும் மறுபடி இரண்டு வட்டத்தில் வைத்துப் பதிவானது. அதற்காக அப்பா இன்னொரு பூசணிக்காய் வாங்கி வந்தார். தெருவில் பூஜை இல்லாத நாளில் நடு வீதியில் பூசணிக்காய் உடைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். இரண்டு முறை உடைத்தார், முதல் முறை நான் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன்.

அடுத்த வரனுக்கு மாப்பிள்ளையே போன் செய்தார். அம்மா எடுத்து, "இந்தாங்க, பொண்ணே பேசும்" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். "வணக்கம் சார்" என்றார் அவர். பொண்ணுதான் பேசறேன் என்றேன். ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. எனக்குத் திண்டிவனம் கண் முன்னால் வந்து போனது. "அப்ப வெள்ளிக்கிழம வரலாங்களா சார்?" என்றார். வந்தார். இன்றைக்கும் வீட்டில் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

மைக் இன்னும் வேலை செய்கிறது. மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களோடு பெட்டியில் வைக்கிறேன். வேலை இல்லாதபோது மட்டும் உறை போடுகிறேன், அதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி. எங்கள் குடும்பத்தில் யாராவது யாரைப் பற்றியாவது பேச ஆரம்பித்தால், இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "உறை போட்டிருக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்பார்கள். சுசீலா அக்கா லீவில் வந்தால், வாசற்படியிலேயே நின்று இதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன ஆயுத பூஜைக்கும் மைக்குக்குப் பொட்டு வைத்தோம், உறையின் மேல்தான். அம்மா கதம்பத்தைச் சுற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதன் பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னாள். இந்த முறை சரியாக வயிற்றுப் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள்.

"என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"உறை போட்டிருக்குடி" என்றாள் அம்மா. "உனக்குக் கேக்காது."